பூச்சியம் சொன்ன பொய்

பெருமதிப்புக்குரிய அவைத்தலைவர் கனகசபாபதி ஐயா அவர்களே! கணினியிலே கன்னித்தமிழ் தடுமாறாது நடக்க வேண்டுமென்று ஒன்பது ஆண்டுகளாக இந்த வட்டத்தைத் தோளில் சுமக்கும் தோழர்களே! வெயிலைப் பொருட்படுத்தாது வெள்ளை வேட்டியோடு வந்து வீற்றிருக்கும் பெரியோர்களே! ஞாயிற்றுக்கிழமையின் ஆயிரம் வேலைகளையும் அப்படியே விட்டுவிட்டு அவைக்கு வந்த அன்னையர்களே! பின்வரிசையிலே கைபேசியில் கண்ணும் என்னிடம் காதுமாய் இருக்கும் மாணவச் செல்வங்களே! இவர்கள் எல்லாருக்கும் மேலாக, முன்வரிசையில் மூன்றாவது கதிரையில் முழு உயிரோடு அமர்ந்திருக்கும் கொழும்புத்துறை யோசேப்பு பிலிப்பு ஐயா அவர்களே! உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சு நிறைந்த வணக்கம்.

முழு உயிரோடு என்றதும் சிலர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஐயாவே சிரிக்கிறார். ஆனால் கடந்த மாசி மாதத்திலே ஒரு செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொரு மணி தொடக்கம் மாலை நான்கு மணி வரை, இந்த மனிதர் இறந்துபோனவராக இருந்தார். சுவரிலே இறந்திருந்தார். மின்கம்பத்திலே இறந்திருந்தார். ஊரார் கையிலிருந்த கைபேசிகளிலெல்லாம் இறந்திருந்தார். நோய் அவரைத் தொடவில்லை. கடல் அவரைக் கொள்ளவில்லை. ஒரு கணினிச் செய்நிரலின் ஒரேயொரு வரி அவரை இறக்க வைத்தது. அந்த வரியை எழுதிய கை எது தெரியுமா? இதோ, உங்கள் முன்னே இந்த ஒலிவாங்கியைப் பிடித்திருக்கிறதே, இந்தக் கை!

அதிர்ச்சியாக இருக்கிறதா? எனக்கு இன்னும் அந்த அதிர்ச்சி தீரவில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். என் பெயர் ஞானாம்பிகை. இணுவிலைச் சேர்ந்தவள். முப்பத்தொரு ஆண்டுகள் கணிதம் கற்பித்தவள். இந்த வட்டம் தொடங்கிய நாளில் 'ஏடு' என்ற எழுத்துச் செய்நிரலை ஐந்து பேர் சேர்ந்து எழுதினோம். அந்த ஐவரில் நானும் ஒருத்தி. தமிழில் எழுத, திருத்த, தேட, மாற்ற, இலவசமாக எவரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று கொடுத்தோம். அச்சகங்கள் எடுத்தன. வாசிகசாலைகள் எடுத்தன. சனசமூக நிலையங்கள் எடுத்தன. இன்று அதன் புதிய பதிப்பை வெளியிடுகிறோம், நாலு வார்த்தை பாராட்டிப் பேசுங்கள் என்று தலைவர் என்னை அழைத்தார். ஐயா, மன்னியுங்கள். பாராட்ட எனக்கு வாய் வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குக் கொழும்புத்துறையில் ஒருவர் காலமானார். சந்தியாப்பிள்ளை மரியாம்பிள்ளை என்பது அவர் பெயர். பிலிப்பு ஐயாவின் மனைவி செபஸ்தியம்மாவுக்கு அவர் உடன்பிறந்த தமையன். பிலிப்பு ஐயாவுக்கு மைத்துனர். எங்கள் ஊர்களில் ஒரு சாவு நடந்தால் முதலில் நடக்கும் காரியம் என்ன? அறிவித்தல்! மரியாம்பிள்ளையின் மகன் ஜஸ்ரின் அழுத கண்ணோடு கைபேசியிலே விபரங்களை எழுதி அச்சகத்துக்கு அனுப்பினார். தலைப்பிலே தகப்பனாரின் பெயர். அதற்குக் கீழே, குருநகரைப் பிறப்பிடமாகவும் கொழும்புத்துறையை வதிவிடமாகவும் கொண்ட, என்று வழக்கமான வாசகம். அதற்குக் கீழே வரிக்கொரு பெயராக உறவினர். நல்ல படம் உடனே அகப்படவில்லை. சிலுவை மட்டும் போதும் என்றார்.

அச்சகத்திலே இருந்தவர் தனுஷா. அரியாலைப் பிள்ளை. ஐந்து ஆண்டுகளாக அங்கே ரைப் செய்கிறார். ஜஸ்ரின் அனுப்பியதை அப்படியே எடுத்து 'ஏடு' செய்நிரலில் போட்டார். இரண்டு தடவை வாசித்தார். பிழையில்லை. ஜஸ்ரினும் பார்த்துச் சரி சொன்னார். அச்சிடும் வேளையில் ஜஸ்ரின் மறுபடி அழைத்தார்.

"தங்கச்சி, ஒரு சின்ன மாற்றம். எங்கடை பிலிப்பு மாமாவுக்குப் போன மாதந்தான் ஜே.பி. கிடைச்சது. அவற்றை பேருக்குப் பின்னாலை சமாதான நீதவான் எண்டு போட்டுவிடுங்கோ."

எவ்வளவு சின்ன வேண்டுகோள்! எவ்வளவு அன்பான வேண்டுகோள்! தனுஷா என்ன செய்தார்? 'தேடி மாற்று' என்ற கட்டத்தைத் திறந்தார். 'யோசேப்பு பிலிப்பு' என்று தேடச் சொன்னார். 'யோசேப்பு பிலிப்பு, சமாதான நீதவான்' என்று மாற்றச் சொன்னார். பொத்தானை அழுத்தினார். திரையிலே பச்சை நிறத்தில் ஒரு சொல் வந்தது: 'மாற்றப்பட்டது'. பின்னாலே நின்ற முதலாளி, "சரிதானே பிள்ளை, மிசினுக்குக் குடு, சனம் நிக்குது" என்று அவசரப்படுத்தினார். கொடுத்தார். அச்சாயிற்று. படமாகக் கைபேசிகளுக்கும் போயிற்று.

அன்பர்களே, அச்சாகி வந்த அறிவித்தலின் தலைப்பிலே மரியாம்பிள்ளை இல்லை! கொட்டை எழுத்திலே, சிலுவைக்கு நேர் கீழே, என்ன இருந்தது? 'யோசேப்பு பிலிப்பு, சமாதான நீதவான்'!

இறந்தவருக்குத் தம் மரண அறிவித்தலிலேயே இடமில்லை. இருப்பவர் இறந்துபோனார். கீழே உறவினர் வரிசையிலே மைத்துனர் என்று அவர் பெயர் பழையபடி இன்னொரு தடவை இருந்தது. கூர்ந்து பார்த்திருந்தால் எவருக்கும் விளங்கியிருக்கும். ஆனால் தலைப்பைப் பார்த்துத் திடுக்கிட்ட கண் கீழே இறங்குமா?

பிலிப்பு ஐயா அப்போது எங்கே இருந்தார்? மயிலிட்டியில். இறந்தவரின் தம்பி கடலுக்குப் போயிருந்தார். படகு கரைக்கு வரும் நேரம் பார்த்து அவரைக் கூட்டி வர மோட்டார் சைக்கிளிலே போயிருந்தார். கைபேசியில் சார்ஜ் இல்லை. மத்தியானம் திரும்பி வருகிறார். கொழும்புத்துறைச் சந்தியிலே ஒரு கடைக்காரர் இவரைக் கண்டதும் கையிலிருந்த சோடாப் போத்தலைக் கீழே விட்டார். ஐயா மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "என்னப்பா, பேயைக் கண்ட மாதிரி நிக்கிறாய்?" என்று கேட்டார். கடைக்காரர் மின்கம்பத்தைக் காட்டினார். பசை காயாத காகிதம். ஐயா வாசித்தார். தம் பெயரை வாசித்தார். தம் பட்டத்தை வாசித்தார். நல்லடக்கம் மறுநாள் மூன்று மணிக்கு என்பதையும் வாசித்தார்.

அந்த நேரம் என்ன நினைத்தீர்கள் என்று பிற்பாடு அவரிடம் கேட்டேன். "முதலிலை சிரிப்புத்தான் வந்தது, ரீச்சர். பிறகு என்ரை மகளின்ரை ஞாபகம் வந்தது. கடைக்காரரின்ரை போனை வாங்கி அவளுக்கு அடிச்சன்" என்றார்.

மகள் ஜெசிதா வவுனியாவிலே தாதியாகக் கடமை செய்கிறார். காலைக் கடமையில் இருந்ததால் கைபேசி அலுமாரிக்குள்ளே பூட்டியிருந்தது. மாமா காலமான செய்தியே அவருக்கு எட்டவில்லை. மத்தியானம் கைபேசியைத் திறக்கிறார். முதலாவதாகக் கண்ணில் பட்டது அப்பாவின் மரண அறிவித்தல்!

தாய்மார்களே, அந்தப் பெண்ணின் நிலையை நினைத்துப் பாருங்கள். அப்பாவுக்கு அழைக்கிறார், தொடர்பில்லை. அம்மாவுக்கு அழைக்கிறார். செபஸ்தியம்மா எங்கே இருக்கிறார்? தமையனின் பெட்டிக்குப் பக்கத்தில்.

"அம்மா, உண்மையோ?" என்று கேட்கிறார் மகள்.

"ஓமடி பிள்ளை, போட்டாரடி! விடிய அஞ்சு மணிக்கு எங்களை விட்டிட்டுப் போட்டாரடி! நீ உடனை வா!" என்று அலறுகிறார் தாய்.

தாய் சொன்னதும் உண்மை. மகள் கேட்டதும் உண்மை. நடுவிலே நின்றது ஒரு பொய். அந்தப் பொய்யை ஏற்றி அனுப்பியவள் நான்! வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் வரை பேருந்திலே மூன்றரை மணி நேரம் அந்தப் பிள்ளை அப்பாவைப் பறிகொடுத்தவளாக வந்தாள். தகப்பன் இங்கிருந்து எவர் எவரின் கைபேசியிலோ மாறி மாறி அழைத்தார். ஆறுதல் சொல்ல வந்த அழைப்புகளே அவளுடைய கைபேசியின் உயிரைக் குடித்திருந்தன. நான்கு மணிக்கு முற்றத்திலே வந்து நின்றாள். பந்தலுக்குக் கீழே அப்பா நின்றார்.

ஓடிப் போய்க் கட்டிப்பிடித்திருப்பாள் என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். இல்லை. மண்ணிலே இருந்துவிட்டாள். கண்ணைத் திறந்தபடி இருந்தாள். தகப்பன் வந்து கையைப் பிடித்து, "பிள்ளை, எனக்கு ஒண்டும் இல்லையம்மா, பாரம்மா" என்று சொன்னபோதும் பேச்சு வரவில்லை. இரண்டு நாள் அவளுக்குப் பேச்சு வரவில்லை. மாமாவின் அடக்கத்திலே நின்றாள், பாடவில்லை, அழவில்லை.

அவையின் பின்னாலே யாரோ ஒருவர், "தனுஷா வாசிச்சிருக்க வேணும்" என்கிறார். கேட்டது, ஐயா, கேட்டது. அன்றைக்கு ஊர் முழுக்க அதைத்தான் சொன்னது. அதைத்தான் முதலாளியும் சொன்னார். பிலிப்பு ஐயா, ஜஸ்ரின், இன்னும் நாலைந்து பேர் அச்சகத்துக்குப் போனார்கள். அத்தனை பேருக்கும் முன்னால் முதலாளி கையை நீட்டினார்.

"உவள்தான் செய்தவள். கேளுங்கோ உவளை!"

தனுஷா எழுந்து நின்றார். "நான் தலைப்பிலை கை வைக்கேல்லை, ஐயா. சத்தியமா வைக்கேல்லை. மாத்தியாச்சு எண்டு திரையிலை வந்தது" என்றார்.

"அப்ப தலைப்பிலை ஆர் போட்டது? பேயோ?" என்று பிலிப்பு ஐயா கத்தினார். ஐயா, இதைச் சொல்ல நீங்களே எனக்கு அனுமதி தந்தீர்கள். மகள் பேசாமல் இருக்கிற வீட்டிலிருந்து வந்த தகப்பன் வேறு எப்படிப் பேசுவார்?

அன்று மாலையே தனுஷாவின் வேலை போனது.

மூன்று கிழமை கழிந்தது. ஒரு சனிக்கிழமை எங்கள் வட்டத்தின் அறைக்கு அந்தப் பெண் வந்தார். கையிலே ஒரு பென்டிரைவில் அந்த அறிவித்தலின் கோப்பு, மாற்றுவதற்கு முன் இருந்தபடி. நான் இருந்தேன், எங்கள் வட்டத்திலே மிக இளையவரான ஆரணி இருந்தார். தனுஷா எல்லாவற்றையும் சொன்னார். கேட்டுவிட்டு நான் என்ன சொன்னேன் தெரியுமா? முப்பத்தொரு ஆண்டு பிள்ளைகளுக்குக் கற்பித்த இந்த வாய் என்ன சொன்னது தெரியுமா?

"அவசரத்திலை நீங்கள் வரியை மாறி அமத்தியிருப்பியள், பிள்ளை. எல்லாருக்கும் நடக்கிறதுதான்."

தனுஷா பென்டிரைவை மேசையிலே வைத்தார். ஆரணிதான், "இருங்கோ அக்கா, ஒருக்காச் செய்து பாப்பம்" என்று எடுத்தாள். தேடினாள். மாற்றினாள். பொத்தானை அழுத்தினாள். 'மாற்றப்பட்டது'. பிறகு கோப்பின் மேற்பக்கத்துக்குப் போனாள். என் கண் முன்னாலே, எவர் கையும் படாமல், மரியாம்பிள்ளை மறைந்து பிலிப்பு வந்து நின்றார்!



எப்படி நடந்தது? எளிமையாகச் சொல்கிறேன். செய்நிரலுக்குள்ளே சார்புகள் இருக்கின்றன. சார்பு என்றால் என்ன? ஒரு கேள்வியைக் கொடுத்தால் ஒரு விடையைத் திருப்பித் தருகிற சின்ன இயந்திரம். அந்த விடைக்குத் திருப்பும் பெறுமானம் என்று பெயர். 'ஏடு' செய்நிரலிலே 'தேடு' என்று ஒரு சார்பு. பெயரைக் கொடுத்தால் அந்தப் பெயர் எத்தனையாவது வரியில் இருக்கிறது என்று திருப்பிச் சொல்லும். கணினி எண்ணத் தொடங்குவது ஒன்றிலிருந்து அன்று, பூச்சியத்திலிருந்து. ஆகவே முதலாம் வரிக்கு விடை பூச்சியம். இரண்டாம் வரிக்கு விடை ஒன்று. விளங்குகிறதா? நல்லது.

இப்போது கேள்வி. தேடிய பெயர் எங்குமே இல்லையென்றால் என்ன விடை சொல்ல வேண்டும்? அதை எழுதியவர் என்ன யோசித்தாரோ, இல்லையென்றால் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லையென்றால் பூச்சியம் என்று எழுதிவிட்டார். முதல் வரியில் இருந்தாலும் பூச்சியம்! எங்கும் இல்லாவிட்டாலும் பூச்சியம்! இல்லாத பெயரைத் தேடிய ஒவ்வொரு தடவையும் அந்தச் சார்பு தலைநிமிர்ந்து சொன்னது: "முதலாம் வரியில் இருக்கிறது!" 'மாற்று' அதை நம்பியது. முதலாம் வரியை அழித்து எழுதியது.

பெயர் கோப்பிலே இருந்ததே, ஏன் அகப்படவில்லை என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. 'யோ' என்ற எழுத்திலே உயிர்க்குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், இரண்டு துண்டாகவும் வைக்கலாம். ஜஸ்ரினின் கைபேசி ஒருவகை. தனுஷாவின் விசைப்பலகை மற்றவகை. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு இரண்டும் வேறு.

ஆரணி அந்தச் சார்பைத் திறந்தாள். ஒவ்வொரு சார்பின் தலையிலும் எழுதியவர் பெயரும் திகதியும் இருக்கும். அவள் வாசிக்காமல் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வாசித்தேன். ஒன்பது ஆண்டுக்கு முந்தைய திகதி. பெயர், ஞானாம்பிகை.

பூச்சியத்துக்கும் வெறுமைக்கும் வேறுபாடு தெரியாத பிள்ளைகளைக் கரும்பலகைக்கு முன்னால் நிறுத்திவைத்த கணித ஆசிரியை! விடைத்தாளிலே பூச்சியம் எடுத்தவனும் பரீட்சைக்கே வராதவனும் ஒன்றா என்று ஆண்டுக்கு ஆண்டு கேட்டவள்! அவள் எழுதிய வரி! தனுஷாவின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. "பிழை என்னிலைதான் பிள்ளை" என்று திரையைப் பார்த்தபடியே சொன்னேன்.

நேரம் முடிந்ததென்று தலைவர் துண்டு அனுப்புகிறார். இன்னும் கொஞ்சம் பொறுங்கள், ஐயா. இனித்தான் வாதம்.

அடுத்த ஞாயிறு வட்டம் கூடியது. 'தேடு' இனி எதைத் திருப்ப வேண்டும் என்பதே பொருள். தனுஷா வந்தார். ஆரணி சொல்லிப் பிலிப்பு ஐயாவும் வந்திருந்தார். இன்றைக்கு 'ஏடு' செய்நிரலைப் பராமரிப்பவர் கோகுலன்; பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்துவிட்டும் எங்கள் வேலையை ஊதியமின்றிச் செய்கிற மனிதர். அவர் எழுந்தார். மாற்றக் கூடாது என்றார்.

"நாப்பது இடத்திலை இதைப் பாவிக்கினம், அக்கா. நாப்பது பேரும் தங்கடை வசதிக்கு எழுதின சின்னச் சின்னச் செய்நிரல்கள் உந்தச் சார்பைத்தான் கூப்பிடுது. இண்டைக்குத் திருப்புற பெறுமானத்தை மாத்தினால் நாளைக்கு எல்லாம் உடையும். பூச்சியம் வந்தால் ஒருக்காச் சரிபார்க்கச் சொல்லி எழுதிவிடுவம். அது காணும்."

இன்னொருவர், மறை ஒன்றை, அதாவது கழித்தல் ஒன்றைத் திருப்பலாமே, பல இடங்களில் அதுதானே வழக்கம் என்றார். ஆரணி விடவில்லை.

"மறை ஒண்டும் ஓர் இலக்கந்தானே அண்ணை? பாக்க மறந்தவன் அதையும் வரி எண்டு நினைப்பான். சில மொழியளிலை மறை ஒண்டு எண்டால் கடைசி வரி. இண்டைக்குத் தலைப்பு அழிஞ்சது, நாளைக்குக் கடைசிப் பேர் அழியும். இல்லை எண்டதுக்கு இலக்கமே வேண்டாம். கிடைச்சதோ இல்லையோ எண்டு முதலிலை சொல்லோணும். கிடைச்சால் மட்டுந்தான் வரியைச் சொல்லோணும். முதல் விடையைப் பாக்காமல் இரண்டாவதை எடுக்கவே ஏலாமல் செய்வம்."

"அப்ப உடையிற நாப்பது இடத்துக்கும் ஆர் போறது? நீரோ?" என்றார் கோகுலன். குரல் உயர்ந்தது. "பாவிக்கிறவையும் கொஞ்சம் பாக்கத்தானே வேணும்! எல்லாத்தையும் செய்நிரலே பாக்குமோ?"

அப்போது கதவோரத்திலிருந்து தனுஷா எழுந்தார். அவர் சத்தமாகப் பேசவில்லை.

"நான் பாத்தனான், அண்ணை. மாற்றப்பட்டது எண்டு நீங்கள் எழுதிவைச்சதைத்தான் பாத்தனான். அதை நம்பினது பிழையோ? அஞ்சு வருசமா உங்கடை சொல்லை நம்பித்தான் வேலை செய்தனான். என்னட்டை இல்லை எண்டு சொல்லியிருந்தால் நான் தேடிப் பிடிச்சிருப்பன். இல்லை எண்டு சொல்ல உங்களுக்கு ஒரு சொல்லே கிடைக்கேல்லையோ?"

 பிலிப்பு ஐயா எழுந்தார். நேரே தனுஷாவிடம் போனார்.

"அண்டைக்கு நான் கத்தினது பிழை, மகள். நீர் சொன்னதைக் கேட்டிருக்க வேணும். கேக்கேல்லை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். போய் இருந்துவிட்டார்.

வாக்கெடுப்பு. ஒவ்வொரு கையாக உயர்ந்தது. கோகுலனின் கை கடைசியாக உயர்ந்தது, ஆனால் உயர்ந்தது.

அதன் பிறகு முதலாளி தனுஷாவை மறுபடி வேலைக்கு அழைத்தார். தனுஷா ஒரு நிபந்தனை வைத்தார். "என்னைத் திட்டினது எல்லாருக்கும் முன்னாலை. பிழை என்னிலை இல்லை எண்டதும் எல்லாருக்கும் தெரியோணும்." பிழை தனுஷாவில் இல்லை, செய்நிரலில்தான் என்று மரண அறிவித்தலின் அதே அளவுக் காகிதத்தில் அச்சாயிற்று. கீழே எங்கள் வட்டத்தின் பெயர். அதற்குக் கீழே என் பெயர். சந்திச் சந்தியாக நானே நின்று ஒட்டுவித்தேன். கைதட்டாதீர்கள், தயவுசெய்து. இந்த இடத்திலே எனக்குக் கைதட்டல் வேண்டாம்.

ஏனென்றால் பேரதிர்ச்சி அதற்குப் பிறகுதான் வந்தது.

இன்றைய பதிப்புக்கு முன்னரே புதிய 'தேடு' சார்பை மட்டும் எல்லா இடங்களுக்கும் அனுப்பினோம். கோகுலன் சொன்னதுபோலவே, போன முதல் நாளே பதினொரு இடங்களிலே வேலை நின்றது. உடைந்துவிட்டது என்று அழைப்புக்கு மேல் அழைப்பு. எதிர்த்து வாதாடிய அதே கோகுலன்தான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு இடம் இடமாகப் போனார். போன இடமெல்லாம் என்ன கண்டார்? எதுவும் புதிதாக உடையவில்லை! ஒன்பது ஆண்டுகளாக உடைந்துகிடந்தது இப்போதுதான் வாய் திறந்தது! எத்தனை கோப்புகளின் முதல் வரிகள் அழிந்திருந்தன! எத்தனை பேர் அதைக் கண்டு, 'என் கை தவறிவிட்டது' என்று தங்களையே நொந்துகொண்டு மறுபடி எழுதியிருந்தார்கள்! எங்கள் பொய்க்கு அவர்கள் தங்களைத் திட்டினார்கள், தோழர்களே! தங்களைத் திட்டினார்கள்!

ஒரு கிராமத்து வாசிகசாலை. பெயர் வேண்டாம். அங்கே அங்கத்தவர் ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் கடிதம் போகும். பழைய பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்து, 'ஏடு' கோப்பிலே தேடி, விலாசத்தை அச்சடிக்கும் ஒழுங்கு. புதிய 'தேடு' போனதும் முதலாவது பெயரிலேயே நின்றுவிட்டது. 'கந்தப்பு: இல்லை' என்றது. கந்தப்பு என்பவர் அந்த வாசிகசாலையின் முதலாவது அங்கத்தவர். கோப்பின் முதல் வரி அவருடையது. மூன்று ஆண்டுக்கு முன்னர் வேறொருவரின் விலாசத்தை மாற்றப் போய், அந்த வரி அழிந்து அங்கே மற்றவர் வந்திருந்தார். அன்றிலிருந்து கந்தப்புவைத் தேடும்போதெல்லாம் பூச்சியம். முதல் வரி. ஆகவே அந்த மற்றவர் வீட்டுக்கு மாதம் இரண்டு கடிதம் போயிற்று. கந்தப்பு வீட்டுக்கு ஒன்றும் போகவில்லை. மூன்று ஆண்டுகள்!

கோகுலன் எனக்கு அழைத்தார். "அக்கா, நீங்களும் வாங்கோ. எனக்குத் தனியப் போக ஏலாமல் கிடக்கு" என்றார். போனோம். கந்தப்பு ஐயா எழுபது கடந்தவர். கதிரை தந்தார். தேநீர் தந்தார். வாசிகசாலை என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது.

"நான் கடைசியாப் போன பொதுக்கூட்டத்திலை கொஞ்சம் கூடக் கதைச்சிட்டன்" என்றார். "கட்டிடத்தைப் பெருப்பிக்கிறதுக்கு முதல் புத்தகத்தை வாங்குங்கோ எண்டு எல்லாருக்கும் முன்னாலை சொல்லிப்போட்டன். அடுத்த மாதத்திலை இருந்து கடிதம் நிண்டுட்டுது. சரி, என்னை வெட்டிப்போட்டாங்கள் எண்டு விளங்கிச்சு. அதுக்குப் பிறகு அந்த றோட்டாலை நான் போறேல்லை. வாசிகசாலைத் தலைவரின்ரை பொடியன்ரை கலியாணத்துக்கும் போகேல்லை."

அன்பர்களே! ஆருயிர்த் தமிழ் மக்களே! மூன்று ஆண்டுகளாக ஒரு மனிதர் தம் ஊரிலே ஒரு தெருவை விட்டு விலகி நடந்தார்! தாம் பேசிய நியாயத்துக்குத் தண்டனை கிடைத்தது என்று நம்பி நடந்தார்! அவரை எவரும் தண்டிக்கவில்லை. எவரும் வெறுக்கவில்லை. 'என்னிடம் இந்தப் பெயர் இல்லை' என்று சொல்ல வேண்டிய ஓர் இயந்திரத்துக்கு அதைச் சொல்ல நான் கற்றுக்கொடுக்கவில்லை! தெரியாததைத் தெரியாது என்று சொல்லாத பண்டிதனைப் போல, இல்லாததை இல்லையென்று சொல்லாத ஒரு சார்பு, ஊருக்குள்ளே பகையை உண்டாக்கியிருக்கிறது! இதற்கு எந்த விடைத்தாளிலே நான் புள்ளி போட? இதற்கு எந்த அறிவித்தலை அச்சடித்து ஒட்ட?

இளையவர்களே, இன்று வெளிவரும் 'ஏடு' அழகானது. வேகமானது. அதையெல்லாம் மற்றவர்கள் சொல்வார்கள். நான் ஒன்றை மட்டும் கேட்கிறேன். இனி நீங்கள் எழுதும் ஒவ்வொரு சார்பும் எதைத் திருப்புகிறது என்று பாருங்கள். கிடைத்தால் என்ன சொல்லும் என்பதைப் பார்க்கும் முன், கிடைக்காவிட்டால் என்ன சொல்லும் என்று பாருங்கள். அந்த விடையைக் கேட்டு ஒரு தனுஷா பொத்தானை அழுத்துவார். ஒரு ஜெசிதா பேருந்து ஏறுவார். ஒரு கந்தப்பு தெருவை மாற்றி நடப்பார்.

அன்றைக்குக் கோகுலன் எல்லாவற்றையும் கந்தப்பு ஐயாவுக்குச் சொன்னார். பூச்சியம், முதல் வரி, இரண்டு கடிதம், எல்லாம். அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. பிறகு மெல்லக் கேட்டார்.

"அப்ப தம்பி, என்னை ஒருத்தரும் வெட்டேல்லையோ?"

கோகுலன் சொன்னார்: "இல்லை, ஐயா."

இவ்வளவு நேரமும் பொறுத்திருந்து கேட்ட அவைக்கும், துண்டு அனுப்பியும் துண்டிக்காத தலைவருக்கும், என்னை மன்னித்து இங்கே வந்து அமர்ந்திருக்கும் பிலிப்பு ஐயாவுக்கும், தனுஷாவுக்கும் நன்றி கூறி, கைகூப்பி அமர்கிறேன். வணக்கம்.